தலைவர் விலகிய சனிக்கிழமை

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு எதையும் மதிப்பிடாமல் இருக்க முடியாது. தொழில் அப்படி. தொழில் முற்றி வியாதியாகிவிட்டது என்பது மனைவி புஷ்பமலரின் கருத்து. ஒஸ்லோ நகரின் நடுவே, ஒரு பல் வைத்தியரின் அறைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் சிறிய ஆலோசனை நிறுவனத்தில் அவர் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறார். நோர்வேக்காரரின் உதவிப் பணத்தில் தூர நாடுகளில் நடக்கும் திட்டங்கள் உருப்பட்டனவா, இல்லை தண்ணீரில் கரைந்தனவா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் அந்த நிறுவனத்தின் பிழைப்பு. அதையே செய்துசெய்து, இப்போது வீட்டில் வைத்த மீன்குழம்பைக்கூட அவரால் சும்மா சாப்பிட முடிவதில்லை.

"நோக்கம் நல்லது. பயனும் இருக்கு. நிலைச்சு நிக்குமோ எண்டதுதான் கேள்வி," என்று ஒருநாள் விரலை நக்கிக்கொண்டே சொன்னார்.

"அப்ப நாளைக்கு மிச்சத்தை நான் தனியச் சாப்பிடுறன். நீங்கள் இருந்து அறிக்கை எழுதுங்கோ," என்றார் புஷ்பமலர்.

மனிதர் நோர்வேக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். வடக்கே, வருடத்தில் பாதி இருட்டாக இருக்கும் ஒரு ஊரில், மக்கள் உயர்கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே பனிச்சறுக்கும் சேர்ந்து பாடுவதும் மரவேலையும் சொல்லிக்கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக் கணிதப் பிரிவு மாணவனுக்கு மூன்றுமே வரவில்லை. பிறகு கடலோரத்து மீன் தொழிற்சாலையில் சில வருடம் மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் பொறியியல், கணினி என்று போக, இவர் மட்டும் அரச நிர்வாகம் படித்தார். அதை ஊருக்கு எழுதியபோது தகப்பனார் ஒரே வரியில் பதில் போட்டார்: அரசாங்கம் எப்படி நடக்கக்கூடாது என்று படிப்பதற்கு நீ இங்கேயே இருந்திருக்கலாம்.

அந்தப் படிப்பு அவரைப் போர் முடிந்த நாடுகளுக்குக் கொண்டுபோய் விட்டது. சண்டை ஓய்ந்ததும் அங்கே வெளிநாட்டுக்காரர் வந்து இறங்குவார்கள். நிர்வாகம் செய்வது எப்படி, கூட்டம் நடத்துவது எப்படி, பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டுவது எப்படி என்று பயிற்சி கொடுப்பார்கள். ஆட்சித்திறன் வளர்ப்பது என்று அதற்குப் பெயர். ஐந்து வருடம் கழித்து, திறன் வளர்ந்ததா என்று பார்க்க ஸ்ரீஸ்கந்தராசா போவார். போர் நடந்த இடங்களில் அவர் மற்ற மதிப்பீட்டாளர்களைவிடக் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார். துளை விழுந்த சுவர்களைப் படம் எடுக்கமாட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரைப் பகிடி பண்ண எனக்கு மனம் வராது. மற்ற விஷயங்களுக்கு வருவோம்.

அலுவலகத்தில் அவர் வெறும் ஸ்ரீ. நோர்வேக்காரருக்கு அதற்கு மேல் வாய் வராது. மதியத்தில் எல்லோரோடும் இருந்து, பாண் துண்டின்மேல் மண்ணிறச் சீஸை வைத்துச் சத்தமில்லாமல் சாப்பிடுவார். அறிக்கைகளை அனுப்புவார், பதில் பெரும்பாலும் "நன்றி, கிடைத்தது" என்பதோடு சரி. ஆனால் சனிக்கிழமை விடிந்ததும் ஹவுகன்ஸ்டுவாவில் தன் வீட்டுக் கண்ணாடியின் முன் நின்று தலைசீவும் ஆள் வேறு ஒருவர். காரை எடுத்துக்கொண்டு புருசெத்துக்குப் போய், தொடர்மாடிகளுக்கு நடுவே உள்ள மண்டபத்தின் கதவைத் தள்ளித் திறந்தால், உள்ளே இருக்கிற சிறிசு பெரிசு எல்லாம் திரும்பிப் பார்த்து ஒரே சொல்லைச் சொல்லும்: "தலைவர் வந்திட்டார்!"

புருசெத் முத்தமிழ் மன்றத்துக்கு அவர் பதினான்கு வருடமாகத் தலைவர். பொங்கல் விழா, சரஸ்வதி பூசை, கோடைகால விளையாட்டுப்போட்டி எல்லாவற்றிலும் முதல் பேச்சு அவருடையது. "சுருக்கமாக இரண்டு வார்த்தை" என்று தொடங்குவார். அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் அனுபவசாலிகள் எழுந்து தேநீருக்குப் போய்விடுவார்கள்.

மன்றத்தின் சட்டவிதிகளான யாப்பின்படி வருடாவருடம் பொதுக்கூட்டம் கூட்டிப் புதிய நிர்வாகசபை தெரிய வேண்டும். அவர்களும் கூட்டத்தான் செய்தார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. யாப்பில் எழுதாத, ஆனால் யாப்பைவிட உறுதியான முறை. தலைவர் எழுந்து, தன் சப்பாத்துகளைப் பார்த்தபடி, "இந்த முறை என்னை விட்டிடுங்கோ, இனி இளம் ஆக்கள் வரட்டும்" என்று சொல்லவேண்டும். உடனே பொருளாளர் பிரசாந்தன் முன்வரிசையிலிருந்து, "அதெப்பிடி அண்ணை? உங்களை விட்டால் இஞ்சை ஆர் இருக்கினம்?" என்று கேட்கவேண்டும். பின்வரிசையில் "ஓம், ஓம்" என்று ஒரு முணுமுணுப்பு எழவேண்டும். தலைவர் இன்னொருமுறை மறுக்கவேண்டும். பிரசாந்தன் இன்னொருமுறை கெஞ்சவேண்டும். கடைசியில் தலைவர் பெருமூச்சு விட்டு, "சரி, உங்கட அன்புக்காக, இந்த ஒரு வருசம் மட்டும்" என்று இருந்துவிடுவார். கல்யாண வீட்டில் பந்தியில் இருப்பவர் "போதும், போதும்" என்று கையால் மறித்துக்கொண்டே, விரல்களுக்கு நடுவில் பாயசம் விழ இடம் விடுவாரே, அதே கதைதான்.

இதைப் பாசாங்கு என்று சொன்னால் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கோபம் வரும். விலகத் தயார் என்று அவர் மனதார நம்பினார். ஆட்கள் விடுகிறார்கள் இல்லையே, அவர் என்ன செய்வார்?

சென்ற இலையுதிர் காலத்தில் அவர் மதிப்பிடப் போனது மேற்கு ஆபிரிக்காவில் ஒரு நாடு. நீண்ட போர் முடிந்து பல வருடமாகிவிட்ட இடம். மாவட்ட சபைகளின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஐந்து வருடம் பயிற்சி நடந்திருந்தது. கூட்டாளியாகப் போனவள் நிவேதிதா. கோயம்புத்தூர்க்காரி, நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஆய்வாளர், ரொம்சோஸில் தனியாக ஒரு சிறு வீட்டில் இருந்தாள். எதையும் முழுமனதாக நம்பும் பிள்ளை.

"இஞ்சை சார் எண்டு ஒருத்தரும் இல்லை பிள்ளை. ஸ்ரீயண்ணை எண்டு சொல்லுங்கோ," என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"ஓகே சார்," என்றாள் அவள்.

அந்த நாட்டில் பல விஷயங்கள் நன்றாகவே இருந்தன. கூட்டக் குறிப்புகள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. பெண்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். ஆனால் பெரும்பாலான சபைகளில் தலைவர்கள் தவணை முடிந்தும் கதிரையை விட்டு எழும்பவில்லை. தகரக் கூரை போட்ட ஒரு சபை மண்டபத்தில், மோமோ என்ற வயதான தலைவரை அவர்கள் பேட்டி கண்டார்கள். மூன்று வருடத்துக்குத் தெரிவானவர், ஒன்பது வருடமாக அங்கேயே இருந்தார். அழகாகச் சலவை செய்த சட்டை, மேசையில் ஒரு சிறிய மணி. மணியை அடித்தால் கூட்டம் அடங்கும்.

"தவணை முடிந்து ஆறு வருடமாகிவிட்டதே, ஏன் விலகவில்லை?" என்று ஸ்ரீஸ்கந்தராசா ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் எப்போதோ தயார் ஐயா," என்றார் மோமோ. "மக்கள்தான் விடமாட்டோம் என்கிறார்கள்."

ஒஸ்லோ திரும்பியதும் ஸ்ரீஸ்கந்தராசா அந்தப் பதிலை அறிக்கையில் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே எழுதினார்: "இந்த விளக்கம் நம்பத்தக்கதாக இல்லை." எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. வேறெதுவும் வரவில்லை. படித்த மனிதர், மன்றத் தலைவர், அரச நிர்வாகத்தில் பட்டம் பெற்றவர். ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை. அதோடு நிற்காமல் முடிவுரையில் ஒரு வசனமும் செதுக்கி வைத்தார்: "ஒரு தலைவரின் திறமை அவர் கதிரையில் இருக்கும்போது தெரிவதில்லை, எழும்பும்போதுதான் தெரிகிறது." திட்டத்தை நிறுத்திவிடலாம் என்பது பரிந்துரை. அந்த வசனத்தை நிவேதிதா இரண்டு தரம் வாசித்தாள்.

"சார், சான்ஸே இல்ல," என்றாள். "இத நான் பிரின்ட் எடுத்து என் டெஸ்க்ல ஒட்டிக்கப் போறேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில், "வாற சனிக்கிழமை எங்கட மன்றத்தின்ர பொதுக்கூட்டம். வாங்கோவன் பிள்ளை, ஆக்களையும் சந்திக்கலாம், சாப்பாடும் இருக்கு," என்று அழைத்துவிட்டார். அவர் செய்த பிழை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. வாசலில் சப்பாத்துகள் மலைபோலக் குவிந்திருந்தன. நிவேதிதா நடுவரிசையில் இருந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த புஷ்பமலர் ஒரு தட்டில் ரோல்ஸும் வடையும் கொண்டுவந்து கொடுத்தார். செயலாளர் அறிக்கை வாசித்தார், பிரசாந்தன் கணக்கு வாசித்தார், யாரும் கேள்வி கேட்கவில்லை. நிர்வாகசபைத் தெரிவு வந்தது. ஸ்ரீஸ்கந்தராசா எழுந்தார். காலுறைகளைப் பார்த்தார்.

"பதினாலு வருசம் எண்டுறது சின்னக் காலம் இல்லை," என்றார். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. வருடாவருடம் அந்த இடத்தில் தழுதழுக்கும். "இந்த முறை என்னை விட்டிடுங்கோ. நான் விலகுறன். இனி இளம் ஆக்கள் வரட்டும்."

பிரசாந்தன் வாயைத் திறந்தார். ஆனால் வாயில் ஒரு முழு ரோல்ஸ் இருந்தது. அதை விழுங்க அவர் எடுத்துக்கொண்ட அந்தச் சின்ன இடைவெளியில் நடுவரிசையில் ஒரு கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"சாரி, நான் மெம்பர்கூட இல்ல, பேசலாமான்னு தெரியல," என்றாள் நிவேதிதா. கண் கலங்கியிருந்தது. "ஆனா இத பாத்துட்டு என்னால சும்மா உக்கார முடியல. ஒரு தலைவரோட திறமை அவர் எழுந்திரிக்கும்போதுதான் தெரியும்னு சார் எழுதியிருக்கார். எழுதுறது ஈஸி. எழுதினத செஞ்சு காட்டுறவங்க எத்தன பேர் இருக்காங்க? சார், ஹாட்ஸ் ஆஃப்!"

சொல்லிவிட்டு அவள் கை தட்டினாள். தனியாக ஒருத்தி தட்டினால் வந்த விருந்தாளிக்கு மரியாதை இல்லை அல்லவா? பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். பிறகு பின்வரிசை தட்டியது. பிறகு வாசலில் நின்ற இளைஞர்கள் விசிலடித்தார்கள். பிரசாந்தன் ரோல்ஸை விழுங்கி முடித்து, இனிக் கெஞ்சுவதா தட்டுவதா என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அவரும் தட்டினார். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. பதினான்கு வருடத்தில் ஸ்ரீஸ்கந்தராசாவின் எந்தப் பேச்சுக்கும் இப்படிக் கைதட்டல் விழுந்ததில்லை.

அவர் கையை உயர்த்தினார். "இல்லை, ஆனால் ஆக்கள் விரும்பினால்..." என்று ஏதோ தொடங்கினார். கைதட்டலில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. முன்வரிசைக்குக் கேட்டிருக்கலாம், முன்வரிசை கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணை, உண்மையாவோ விடுறியள்?" என்று வாசற்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கஜரூபன். முப்பத்துநான்கு வயது, மின்சார வேலை செய்கிறவன், நோர்வேயிலேயே பிறந்தவன். கூட்டம் என்ற சொல் அவன் வாயில் வராது. மோத்தெ என்றுதான் சொல்வான். "நீங்கள் விட்டால் நான் எடுக்கிறன். ஒவ்வொரு மோத்தெயிலும் கேப்பம் எண்டு நினைப்பன். நீங்கள் விருப்பப்பட்டு இருக்கிறியள் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

இளம் ஆட்கள் முன்வருகிறார்கள் இல்லை என்று வருடக்கணக்காகக் குறைப்பட்ட மனிதர், முன்வந்த இளம் ஆளைப் பார்த்தபடி நின்றார். முன்மொழிவு, வழிமொழிவு, இன்னொரு கைதட்டல். தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கஜரூபன் மேசைக்கு வந்து அவருடைய கையை இரு கையாலும் பிடித்துக் குலுக்கினான். அந்தப் பிடியில் உண்மையான மரியாதை இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அடுத்ததாக ஒரு சின்னச் சிக்கல் வந்தது. தலைமை மேசையை விட்டு எழுந்த தலைவர் எங்கே போய் இருப்பது? மன்றத்தில் அதுவரை முன்னாள் தலைவர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. முதல் தலைவர் பதவியிலேயே காலமானார். இரண்டாவது தலைவர் கனடாவுக்குப் போய்விட்டார். முன்வரிசை நிறைந்திருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா தன் கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, நடுப்பாதையில் கொஞ்சநேரம் நின்றார். கடைசியில் புஷ்பமலர் பக்கத்துக் கதிரையில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் போய் அதில் இருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பேச்சைப் புஷ்பமலர்தான் தொடங்கினார்.

"நீங்கள் உண்மையா விடேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"ஒருத்தரும் மறிக்கேல்லையே மலர்," என்றார் அவர். குரலில் இந்த முறை தழுதழுப்பு இல்லை, வெறுமையாக இருந்தது. "ஒரு ஆள் கூட. ஒரு ஒப்புக்காவது..."

"நான் மறிச்சிருப்பன்."

"ஏன் மறிக்கேல்லை?"

"எனக்குச் சனிக்கிழமையில வீட்டில ஒரு ஆள் வேணும். அதுதான் நானும் தட்டினனான்."

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. அவர் மிகவும் நொந்துபோயிருந்தார், அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கும் அவரில் கோபம் இல்லை, அவர் போனதில் யாருக்கும் துக்கமும் இல்லை. அந்த இரண்டாவதுதான் இரவு முழுவதும் அவரைப் புரட்டிப் போட்டது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நிவேதிதா சனிக்கிழமைக் கதையை நோர்வேக்காரருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். ஆட்கள் வந்து தோளில் தட்டினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு பாண் துண்டையும் முழுதாகச் சாப்பிடவில்லை. அறிக்கையை அந்த வாரம் அனுப்பியாகவேண்டும். திரையில் அதைத் திறந்தார். "இந்த விளக்கம் நம்பத்தக்கதாக இல்லை" என்ற வரி அவரைப் பார்த்தது. அதற்குப் பக்கத்தில் இருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பயிற்சியின் பாடத்திட்டத்தை மறுபடி எடுத்துப் புரட்டினார். கூட்டம் கூட்டுவது இருந்தது. குறிப்பு எழுதுவது, மக்கள் சொல்வதைக் கேட்பது, கணக்கைப் பகிரங்கமாக வைப்பது, தவணை முடிந்ததும் பதவியைக் கையளிப்பது எல்லாம் இருந்தன. கையளித்த ஆள் மறுநாள் காலையில் எழும்பி எங்கே போவான், எந்தக் கதிரையில் இருப்பான், அவனை யார் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. ஐந்து வருடம் அவ்வளவு பேர் இருந்து யோசித்த திட்டத்தில் அதை ஒருவரும் யோசிக்கவில்லை. மதிப்பிடப் போன பெரிய மனிதரும் கேட்கவில்லை.

அவர் கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, மோமோவைக் காணொளியில் அழைத்தார். அந்தப் பக்கத்தில் வெயில் கொளுத்தியது. மோமோ அதே மேசையில், அதே சலவைச் சட்டையோடு இருந்தார். ஒஸ்லோவிலிருந்து திடீரென்று அழைப்பு வந்ததில் முகம் இறுகியிருந்தது.

"அறிக்கை முடிந்துவிட்டதா ஐயா?"

"இல்லை. ஒரு கேள்வி விட்டுப்போய்விட்டது," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "மக்கள் விடமாட்டோம் என்கிறார்கள் என்று சொன்னீர்கள். நீங்கள் விலகுகிறேன் என்று சொன்னபோது எத்தனை பேர் மறித்தார்கள்?"

மோமோ, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"நான் அப்படிச் சொல்லிப் பார்த்ததே இல்லை ஐயா. சொல்லி, ஒருவரும் மறிக்காவிட்டால்?"

ஸ்ரீஸ்கந்தராசா தன் கைகளைப் பார்த்தார்.

"நான் சொல்லிப் பார்த்தேன்," என்றார். "இங்கே எனக்கும் ஒரு சபை இருந்தது. சனிக்கிழமை சொன்னேன். ஒருவரும் மறிக்கவில்லை."

திரையில் இருந்த கிழவர் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

"ஒருவருமா?"

"ஒருவருமே இல்லை. கை தட்டினார்கள்."

"ஐயோ," என்றார் மோமோ, அவருடைய பாஷையில். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. பிறகு மிகவும் மெதுவாக, வைத்தியரிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "பிறகு என்ன நடந்தது, ஐயா?"

"பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "மனைவியோடு நடக்கப் போனேன்."